பின் சீட்டுப் போராட்டம்

ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்து அம்மாவோடு வீட்டுக்கு வந்த ஸ்நேகா, வாசலிலேயே நின்றுவிட்டாள். அவளுடைய சீட் வேப்பமரத்தடியில் கிடந்தது.

காரின் பின் சீட் அது. அதில் இடது பக்க ஜன்னலோரம் அவளுடைய இடம். கார் வீட்டுக்கு வந்த அன்றே ஏறி உட்கார்ந்து, "இது என்னோட இடம்" என்று சொல்லியிருந்தாள். எல்லோரும் சரி என்றுதான் சொன்னார்கள். இப்போது அந்த இடத்தில் ஒரு கோழி உட்கார்ந்திருந்தது.

"நைனா, இன்னா இது?"

அப்பாவை ஸ்நேகா நைனா என்றுதான் கூப்பிடுவாள். ஆந்திர எல்லைக்குப் பக்கத்து ஊர் அல்லவா, கும்மிடிப்பூண்டியில் நிறையப் பிள்ளைகள் அப்படித்தான் கூப்பிடும். நைனாவின் பெயர் எபினேசர். அவர் காருக்கு அடியில் மல்லாந்து படுத்திருந்தார். வெளியே தெரிந்தது இரண்டு பாதங்கள் மட்டும்தான்.

"கழட்டிட்டோம் பாப்பா," என்றன பாதங்கள்.

"எப்போ மாட்டுவே?"

பாதங்கள் இன்னும் கொஞ்சம் உள்ளே போய்விட்டன.

கார் சின்னது. பழையதும்கூட. ஆனால் ஒரு விசேஷம் உண்டு. பெரும்பாலான கார்களில் எஞ்சின் இரண்டு சக்கரங்களைத்தான் சுழற்றும். இந்தக் காரில் நாலு சக்கரங்களையும் சுழற்றும். ஒரு சக்கரம் சேற்றில் வழுக்கினாலும் மற்றவை பிடித்து இழுத்துவிடும்.

அந்தக் காரில் போகவேண்டிய இடமும் முடிவாகியிருந்தது. நைனாவின் நண்பர் குப்புராஜுக்கு, பொதட்டூர்பேட்டை தாண்டி மலையடிவாரத்தில் ஒரு மாந்தோப்பு இருக்கிறது. தார் ரோடு முடிந்ததும் கல்லும் மேடும் ஓர் ஓடையுமாக மண்பாதை. வருகிற சனிக்கிழமை அங்கே போய், விறகு மூட்டிச் சமைத்துச் சாப்பிட்டு, தோப்பிலேயே தங்கி, நட்சத்திரங்களைப் பார்த்துக்கொண்டே தூங்குவது என்று திட்டம்.

ஸ்நேகாவின் தெருவில் ராத்திரி வானம் கறுப்பாக இருக்காது. உருக்கு ஆலைகளின் வெளிச்சத்தில் ஆரஞ்சு நிறமாக இருக்கும். நட்சத்திரங்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். குப்புராஜ் தோப்பில் எண்ண ஆரம்பித்தால் முடிக்கவே முடியாதாம். இதை அவள் வகுப்பு முழுக்கச் சொல்லி வைத்திருந்தாள்.

அந்த மண்பாதைக்காகத்தான் காரைக் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றிக்கொண்டிருந்தார்கள். ஸ்பிரிங்குகளுக்கு மேலே கட்டை வைத்து, காரின் உடம்பைத் தரையிலிருந்து உயர்த்தினார்கள். சேற்றில் வழுக்காமல் இருக்க, பெரிய பெரிய ரப்பர்ப் பொத்தான்கள் துருத்திய டயர்களைப் போட்டார்கள். அன்றைக்கு நைனா அவளைக் கூப்பிட்டு, "டயருக்கு மேல கையை வுட்டுப் பாரு பாப்பா" என்றார். டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவில் அவள் இரண்டு கைமுட்டிகளை ஒன்றின்மேல் ஒன்றாக வைத்துப் பார்த்தாள். தாராளமாக நுழைந்தன. அதுவரை ஸ்நேகாவுக்கு எந்தப் புகாரும் இல்லை.

புகார் ஆரம்பித்தது ஜோஷ்வா மாமாவால்.

ஜோஷ்வா மாமா அம்மாவின் தம்பி. போனில் எந்நேரமும் ஒரே மாதிரி வீடியோ பார்ப்பார். ஏதோ ஒரு நாட்டுப் பாலைவனத்தில் ஒரு தாடிக்காரர் தனியாகக் கார் ஓட்டிக்கொண்டு போவார். அவர் காருக்குள் கட்டில், அடுப்பு, தண்ணீர்த் தொட்டி எல்லாம் இருக்கும். அந்தத் தாடிக்காரருக்குப் பிள்ளைகுட்டிகள் கிடையாது போலிருக்கிறது. மாமா அதைக் கவனிக்கவே இல்லை.

"பின் சீட்டை எடுத்துட்டா பெரிய கட்டில் போடலாம் மச்சான்," என்று மாமா சொன்னார். நைனா அதைச் செய்தே விட்டார்.

"கட்டில் இருக்கட்டும். நான் எங்கே உக்கார்றது?" என்று ஸ்நேகா கேட்டாள்.

"உனக்கு இன்னா குறைச்சல்? மகாராணி மாதிரி கட்டில்ல படுத்துக்கினு வா," என்றார் மாமா.

சரி, மகாராணி என்றால் பரவாயில்லை என்று ஸ்நேகா நினைத்தாள். அம்மாவோடு உள்ளே போய் இஞ்சி பூண்டு அரைத்துக் கொடுத்துவிட்டு வந்தாள். வந்து பார்த்தால், கட்டிலின் மேல் ஒரு நீல நிறத் தண்ணீர் டிரம் படுத்திருந்தது.

"இப்போ நான் எங்கே உக்கார்றது?"

"அம்மா மடியில உக்காந்துக்கோ," என்றார் நைனா.

"நைனா, எனக்குப் பதினோரு வயசு."

அம்மா சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தாள். "அவளை மடியில வச்சிக்கினு பொதட்டூர்பேட்டை வரைக்கும் என்னால வர முடியாது. என் காலு மரத்துப் போயிடும்."

நைனா தலையைச் சொறிந்தார். மாமா ஒரு இரும்புப் பெட்டியைத் தூக்கி வந்து முன் சீட்டுக்குப் பின்னால் இருந்த கடைசி இடைவெளியிலும் செருகினார். பிறகு, ஒன்றுமே நடக்காததுபோல, அந்த வார்த்தையைச் சொன்னார்.

"இந்தத் தபா நீ பாக்கியநாதன் பெரியப்பா ஊட்ல இருந்துக்கோ பாப்பா. அடுத்த தபா கூட்டிக்கினு போறோம்."

ஸ்நேகாவுக்குக் காது சுட்டது. கட்டில் மகாராணி, மடிக் குழந்தை, அப்புறம் அடுத்த தபா. ஒரே காலையில் அவளை மூன்று படி இறக்கிவிட்டார்கள். தண்ணீர் டிரம் போகிறது. இரும்புப் பெட்டி போகிறது. மாமா வாங்கி வைத்த சங்கிலி, கொக்கி எல்லாம் போகின்றன. அவள் மட்டும் போகவில்லை.

அழலாம் என்று ஒரு நிமிஷம் தோன்றியது. ஆனால் அழுதால், ஐஸ்கிரீம் வாங்கிக் கொடுத்துச் சமாதானம் செய்துவிடுவார்கள். அவளுக்கு ஐஸ்கிரீம் வேண்டாம். சீட் வேண்டும்.

வேப்பமரத்தடிக்குப் போனாள். கோழியை எழுப்பி அனுப்பினாள். சாய்மானத்தை மரத்தோடு சாய்த்து வைத்து, தன் இடத்தில் உட்கார்ந்தாள். கைகளைக் கட்டிக்கொண்டாள். அதன் பிறகு பேசவே இல்லை.

"இன்னா பாப்பா, கோச்சிக்கினியா?" என்றார் மாமா.

பதில் இல்லை.

"நைனா மேல கோவமா?" என்று நைனாவே கேட்டார்.

பதில் இல்லை. வேப்பம்பழம் ஒன்று அவள் தலையில் விழுந்தது. அதற்கும் அவள் அசையவில்லை.

மத்தியானம் அம்மா தட்டில் சோறும் கோழிக் குழம்பும் கொண்டு வந்தாள். ஸ்நேகா கொஞ்சம் யோசித்தாள். இது உட்காரும் போராட்டம்தானே, பட்டினிப் போராட்டம் இல்லையே. சீட்டை விட்டு எழுந்திருக்காமல் சாப்பிட்டாள். தட்டை நீட்டி இரண்டாம் முறையும் வாங்கிக்கொண்டாள்.

தெருவில் போகிறவர்கள் எல்லாம் காரைப் பார்க்க நின்றார்கள். ஏனென்றால் அதற்குள் கார் பார்க்கத் தகுந்ததாக ஆகியிருந்தது. மாமா வீடியோவில் பார்த்ததையெல்லாம் நைனா கையாலேயே செய்திருந்தார். நைனா சிப்காட் தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனியில் வெல்டர். கிரேனுக்கு உத்தரம் செய்கிற கம்பெனி அது. யானை தொங்கினாலும் வளையாத இரும்பை ஒட்டிப் பழகிய கை. மெல்லிசாக எதையும் செய்ய அந்தக் கைக்கு வராது.

அதனால் காரின் கூரைமேல் இருந்த கேரியர், லாரிக்குப் போடும் ஆங்கிள் இரும்பில் இருந்தது. கட்டிலுக்குக் கால்கள் இரும்புக் குழாயில் இருந்தன. எஞ்சினுக்கு அடியில் கல் படாமல் இருக்க ஒரு தகடு. அதைத் தூக்கவே இரண்டு பேர் வேண்டியிருந்தது.

"எளாவூர் செக்போஸ்ட்ல நிக்கிற லாரிங்ககூட இவ்ளோ லோடு ஏத்திக்கினு வராது," என்றாள் அம்மா.

"கெட்டியா இருக்கணும் மெர்சி. லாரியே மேல ஏறினாலும் நசுங்கக் கூடாது," என்றார் நைனா.

"மாந்தோப்புல யாரு நம்ம மேல லாரி ஏத்தப் போறா?"

நைனா வெல்டிங் கண்ணாடியை மாட்டிக்கொண்டார்.

சாயங்காலம் பக்கத்து வீட்டுப் பாக்கியநாதன் பெரியப்பா வந்தார். நைனாவின் கம்பெனியில்தான் அவரும் வேலை. தொழிற்சங்கச் செயலாளர். காரைப் பார்க்க வந்தவர், வேப்பமரத்தடியைப் பார்த்து நின்றார்.

"இன்னா எபினேசர், குழந்தை ரொம்ப நேரமா அங்கயே உக்காந்துகினு இருக்குது?"

"அத்த வுடுங்கண்ணே. கொஞ்ச நேரத்துல தானா எழுந்து வந்துடும். இல்லேன்னா தூக்கிக்கினு போய் உள்ள விட்டுடறேன்."

பெரியப்பாவின் முகம் மாறியது. "தூக்குவியா? போன வருஷம் கம்பெனி பஸ் வேணும்னு நாம மெயின் கேட்டாண்ட உக்காந்தோமே. அப்போ உன்னை எவனாவது தூக்கினானா? உக்காந்தவங்களைத் தூக்கக் கூடாது. எதிர்ல உக்காந்து பேசணும். அதுதானே நம்ம சங்கத்து வழக்கம்."

நைனா ஸ்நேகாவைப் பார்த்தார். ஸ்நேகா நேராகப் பார்த்தபடி இருந்தாள்.

நைனா ஒரு வாளியைக் கவிழ்த்துப் போட்டு, அவளுக்கு எதிரில் உட்கார்ந்தார். மாமா காரில் சாய்ந்து நின்றார். பெரியப்பா நடுவில் குந்தினார்.

"கோரிக்கை இன்னாம்மா?" என்று கேட்டார்.

ஸ்நேகா கட்டியிருந்த கைகளைப் பிரித்தாள். "கார்ல எனக்கு ஒரு சீட்டு. மடி இல்ல. கட்டில் இல்ல. அடுத்த தபா இல்ல."

"இடமே இல்லியே பாப்பா," என்றார் நைனா. "வச்சிருக்கிற எல்லாமே தேவையான பொருளு."

"நைனா, டயர் மேல கையை வுட்டுப் பாரு."

"இன்னாத்துக்கு?"

"பாரேன்."

நைனா எழுந்து போய்ப் பார்த்தார். அவருடைய விரல்கள் மட்டும் நுழைந்தன. முட்டி நுழையவில்லை.

"அன்னைக்கு என் ரெண்டு முட்டியும் போச்சு," என்றாள் ஸ்நேகா. "காலையிலேர்ந்து இங்க உக்காந்து பாத்துக்கினே இருக்கேன். நீங்க ஒவ்வொண்ணா ஏத்த ஏத்த கார் கீழ இறங்கிக்கினே போவுது."

"லோடு ஏத்தினா கொஞ்சம் இறங்கத்தான் செய்யும் பாப்பா."

"அப்போ எதுக்குத் தூக்கினே?"

பெரியப்பாவுக்குத் திடீரென்று இருமல் வந்தது. முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

மாமாவுக்கு ரோஷம் வந்துவிட்டது. "பாப்பாவுக்கு இன்னா தெரியும்? இந்த வண்டி மலையே ஏறும்."

"மலை வேணாம் மாமா. ஏரிக்கரை ஏறட்டும். ஏறிட்டா நான் எழுந்து போயிடறேன், சீட்டு கேக்க மாட்டேன். ஏறலேன்னா, நான் சொல்றதையெல்லாம் இறக்கணும்."

சொல்லி முடித்த பிறகுதான் அவளுக்கே யோசனை வந்தது. கார் ஏறிவிட்டால்? சனிக்கிழமை போச்சு. வகுப்பில் என்ன சொல்வது? ஆனால் சொன்னதைத் திரும்ப எடுக்க முடியாது. பெரியப்பா அதற்குள், "ரெண்டு தரப்பும் ஒத்துக்கினாச்சு," என்று சொல்லிவிட்டார்.

ஸ்நேகா எழுந்தாள். "அம்மா, நான் வர்ற வரைக்கும் நீ இதுல உக்காரு. யாரும் இதைத் தொடக் கூடாது."

அம்மா உரிக்க வேண்டிய வெங்காயத்தை எடுத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தாள்.

ஊருக்கு வெளியே இருந்தது ஏரிக்கரை. டிராக்டர் ஏறி இறங்குகிற மண்பாதை ஒன்று அதன்மேல் போகும். பாதி ஏற்றத்தில் குறுக்கே ஒரு திட்டு, மாட்டின் திமில் மாதிரி. ஸ்நேகா பெரியப்பாவின் ஸ்கூட்டரில் வந்து இறங்கி, ஓரமாக நின்றாள்.

கார் உறுமிக்கொண்டு வந்தது. நைனா ஓட்டினார். பக்கத்தில் மாமா. முன் சக்கரங்கள் ஏற்றத்தைப் பிடித்தன. பொத்தான் டயர்கள் மண்ணைக் கவ்வின. கார் ஏறியது. ஏறிக்கொண்டே இருந்தது. ஸ்நேகா மூச்சை அடக்கிக்கொண்டாள்.

முன் சக்கரங்கள் திட்டைத் தாண்டின. அப்புறம் 'கர்ர்ர்' என்று ஒரு சத்தம். காரின் வயிறு திட்டின்மேல் உட்கார்ந்துவிட்டது. சக்கரங்கள் சும்மா சுழன்றன. மண்ணை வாரி இறைத்தன. கார் முன்னாலும் போகவில்லை, பின்னாலும் வரவில்லை. கூரைமேல் இருந்த கேரியர் ஒரு பக்கமாகச் சாய்ந்து ஆடியது.

மாமா இறங்கிக் குனிந்து பார்த்தார். "ரெண்டே இஞ்சு மச்சான். ரெண்டு இஞ்சு மேல இருந்திருந்தா போயிருக்கும்," என்றார். சொன்ன பிறகுதான், அந்த இரண்டு இஞ்சை யார் இறக்கியது என்பது அவருக்கு ஞாபகம் வந்தது. போனைப் பையில் போட்டுக்கொண்டார்.

நைனா கரையின் புல்லில் போய் உட்கார்ந்தார். ஸ்நேகாவும் பக்கத்தில் உட்கார்ந்தாள். 'நான் சொன்னேன் இல்ல' என்று சொல்ல நாக்கு வரை வந்தது. ஆனால் நைனாவின் கைகளைப் பார்த்தாள். வெல்டிங் பொறி பட்டு அங்கங்கே புள்ளி புள்ளியாக இருந்தன. அவள் அந்த வாக்கியத்தை விழுங்கிவிட்டாள்.

ஏரியில் கொக்குகள் நின்றன.  தூரத்தில் ஒரு ரயில் கவரைப்பேட்டைப் பக்கம் போய் மறைந்தது.

பிறகு நைனா மெதுவாகச் சொன்னார்: "காட்டுப் பாதை பாப்பா. கல்லு இருக்கும், பள்ளம் இருக்கும். உனக்கு அடி கிடி பட்டுடக் கூடாதுன்னுதான் எல்லாத்தையும் கெட்டியா செஞ்சேன்."

ஸ்நேகா அவரைத் திரும்பிப் பார்த்தாள். 

"நான் உள்ள இருந்தாதானே நைனா எனக்கு அடி படும்?"

  நைனாவின் தோள்கள் குலுங்கத் தொடங்கின. கொஞ்ச நேரம் கழித்துத்தான் அது சிரிப்பு என்று ஸ்நேகாவுக்குத் தெரிந்தது.

"வா," என்று எழுந்தார். "இன்னா இன்னா இறக்கணும் சொல்லு."

ஸ்நேகா காரின் பின்னால் போய் நின்றாள். ஒவ்வொரு பொருளையும் காட்டி ஒரே கேள்விதான் கேட்டாள்: "இது எதுக்கு?"

"அது தண்ணி டிரம். குடிக்கிறதுக்கு," என்றார் மாமா.

"குப்புராஜ் மாமா தோப்புல கிணறு இருக்குதா இல்லியா?"

"இருக்குது."

"ரெண்டு கேன் போதும். இறக்கு. இந்தப் பெட்டி?"

"டூல்ஸு. சுத்தி, சங்கிலி, கொக்கி, பெரிய ரம்பம்."

"ரம்பம் எதுக்கு? குப்புராஜ் மாமா மரத்தை வெட்டப் போறியா?"

மாமா பெட்டியை இறக்கினார். ஜாக்கி, ஸ்பேனர், ஒரு கயிறு மட்டும் வெளியே எடுத்து வைத்தார்.

"கட்டில்?"

"உள்ள படுக்கிறதுக்கு."

"காருக்குள்ள படுத்துக்கினா நட்சத்திரம் எப்படித் தெரியும்? வெளியில தார்ப்பாய் கட்டிப் படுத்துக்கலாம். இறக்கு."

"அடியில இருக்கிற தகடு?" என்று நைனா பயந்து கேட்டார்.

ஸ்நேகா யோசித்தாள். குனிந்து பார்த்தாள். தகட்டில் நீளமாக ஒரு கீறல் விழுந்திருந்தது. அது இல்லையென்றால் எஞ்சினில்தான் விழுந்திருக்கும்.

"அது இருக்கட்டும்," என்றாள். நைனாவின் முகம் மலர்ந்தது.

கூரைக் கேரியரை இறக்க மூன்று பேர் தேவைப்பட்டார்கள். "இத்த என்கிட்ட குடுத்துடு எபினேசர். ஊட்ல சுரைக்கொடிக்குப் பந்தல் போடணும். நூறு வருஷம் நிக்கும்," என்றார் பெரியப்பா. கேரியரில் கட்டியிருந்த ஸ்பேர் டயரை மட்டும் கழற்றிக் காருக்குள் வைத்தார்கள். ஜாக்கி வைத்துத் தூக்கி, சக்கரங்களுக்கு அடியில் கல் கொடுத்து, காரைப் பின்னால் எடுத்தார்கள். ஸ்நேகாதான் கல் பொறுக்கிக் கொடுத்தாள். கார் நிமிர்ந்து நின்றது. டயருக்கு மேலே முட்டியை வைத்துப் பார்த்தாள். இரண்டும் நுழைந்தன.

"இப்போ நீ ஏறு," என்று நைனா முன் கதவைத் திறந்தார்.

"அப்போ நானு?" என்றார் மாமா.

"அடுத்த தபா மாமா," என்றாள் ஸ்நேகா. பெல்ட்டைப் போட்டுக்கொண்டாள்.

கார் ஏறியது. திட்டு வந்தது. முன் சக்கரங்கள் தாண்டின. ஸ்நேகா சீட்டின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு கீழே ஏதாவது உரசுகிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டாள். ஒரு சத்தமும் இல்லை. பின் சக்கரங்களும் தாண்டின. ஒரு பக்கம் லேசாக வழுக்கியது, மறு பக்கம் பிடித்துக்கொண்டது. அடுத்த நிமிஷம் அவர்கள் கரையின் உச்சியில் இருந்தார்கள்.  நைனா ஸ்டியரிங்கைத் தட்டிக்கொடுத்தார், மாட்டைத் தட்டிக்கொடுப்பது மாதிரி.

வீட்டுக்கு வந்தபோது அம்மா இன்னும் வேப்பமரத்தடிச் சீட்டில்தான் உட்கார்ந்திருந்தாள். வெங்காயம் முழுக்க உரித்து முடித்திருந்தாள்.

"போராட்டம் முடிஞ்சுதா? எழுந்திருக்கலாமா?"

"எழுந்திரும்மா."

மாமாவே சீட்டைத் தூக்கிக்கொண்டு வந்தார். துடைத்து, காருக்குள் வைத்தார். நைனா ஸ்பேனரை எடுத்தார். ஸ்நேகா கையை நீட்டினாள்.

"நான் மாட்டறேன். உங்க ரெண்டு பேரையும் நம்ப முடியாது."

நைனா ஸ்பேனரை அவளிடம் கொடுத்துவிட்டு நகர்ந்து நின்றார். அவள் ஒவ்வொரு போல்ட்டாகப் போட்டு, நாக்கை வெளியே நீட்டிக்கொண்டு, இரண்டு கையாலும் முடுக்கினாள். முடித்துவிட்டுத் தன் இடத்தில் ஏறி உட்கார்ந்து, ஜன்னல் கண்ணாடியை இறக்கினாள்.

"ஒரு தபா நானும் முடுக்கிப் பாக்கட்டா பாப்பா?" என்று நைனா கேட்டார். "சரியா முடுக்கலேன்னா ஆடும்."

ஸ்நேகா கொஞ்சம் யோசித்துவிட்டு ஸ்பேனரைக் கொடுத்தாள்.

"பாத்துக்கோ. ஆனா கழட்டற பக்கம் திருப்பாதே."

நைனா முடுக்குகிற பக்கம் மட்டும்தான் திருப்பினார்.